பச்சைமலையில் எடுத்த குளிர்க் கணக்கு

விக்கிரமங்கலம்,
மார்கழி 18

அன்பு மகள் ஜெயசித்ராவுக்கு அப்பா மணிவேல் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் மாடுகளும் நலம். உன் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

இமயமலைக் குளிர்காலத்தைக் கம்ப்யூட்டருக்குள் வரவழைக்கும் வேலை என்றுதானே போனாய்? நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று நானும் ஊரெல்லாம் பெருமையடித்துவிட்டேன். இப்போது கம்ப்யூட்டர் சொல்லும் குளிரும் மலையில் அடிக்கும் குளிரும் ஒத்துப்போகவில்லை, ஒரு மாதம் பனியில் தங்கி அளக்கப் போகிறேன் என்கிறாய். போகக் கூடாது. கம்ப்யூட்டர் மலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம் என்று வைத்துக்கொள்கிறதாம். சிகரமும் பள்ளமும் அதற்கு ஒன்றுதானாம். இருந்துவிட்டுப் போகட்டுமே! நம் மக்காச்சோளம் கருகிய வருடம் பயிர்க் காப்பீட்டுக்காரர்கள் பிர்கா முழுவதற்கும் ஒரே சராசரி விளைச்சல் போட்டு, "உங்களுக்கு நட்டமே இல்லீங்க" என்றார்களே, நாம் என்ன செத்தா போய்விட்டோம்?

ஆனாலும் உன் வேலை கெடக் கூடாது என்று, உனக்குப் பதிலாக நானே அளந்து அனுப்பத் துணிந்து, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு மொபெட்டில் பச்சைமலை ஏறினேன். எல்லாம் மலைதானே. உச்சியில் நீட்டினேன், பாதரசம் அசையவில்லை, பாறையில் வைத்தேன், அசையவில்லை, மரவள்ளித் தோட்டக்காரர் நல்லுசாமி வேடிக்கை பார்த்துவிட்டு, "மலைக்கு ஒண்ணும் காய்ச்சல் இல்லீங்க. குளிரு வேணும்னா விடியக்காலம் கீழ பள்ளத்துக்குப் போங்க, அங்கதான் தேங்கி நிக்கும்" என்றார். அவரைப் பொய்யாக்கவே இரண்டு விடியற்காலை பள்ளத்தில் உட்கார்ந்தேன். பல் கிட்டித்துவிட்டது. நடுங்கிக்கொண்டு மேலே வந்தால், அந்த மனிதர் சட்டையில்லாமல் பல் விளக்கிக்கொண்டிருக்கிறார்! மறுநாள் வீட்டில் உன் அம்மா அதே தெர்மாமீட்டரை என் நாக்குக்கு அடியில் வைத்தாள். இப்போது மட்டும் ஜோராக ஏறி நூற்றிரண்டு காட்டியது.

"இந்த மலைக்கே இப்புடின்னா, எம் புள்ள அங்க என்னாவும்?" என்று அம்மா அழுகிறாள். எனக்கும் பயம்தான். ஆகவே முடிவாகச் சொல்கிறேன்: நீ போகவே கூடாது.

சளி, இருமல் அண்டாமல் நூறாண்டு வாழ வாழ்த்தும்,
அப்பா

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் ஒரு முறை படித்துப் பார்த்தேன். பள்ளம் உச்சியைவிடக் குளிரும் என்பது நேரில் போய் உட்கார்ந்ததால்தானே எனக்கே தெரிந்தது? கம்ப்யூட்டர் பாவம், அது எங்கே போய் உட்காரும்? நீ போ. பள்ளத்தில் முதலில் அள. அடிவாரம் வரை நானும் வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. வேண்டாம் என்பாய். உன்னைப் போலவே நானும் கேட்கப்போவதில்லை.