தேசிய கீதம் முடியும் வரை

"நம்ம தேசிய கீதம் எவ்வளவு நேரம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று மேலாளர் கேட்டார்.

"அம்பத்திரெண்டு விநாடி சார்."

"போன சனிக்கிழமை எவ்வளவு ஓடுச்சு?"

மைக்செட் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். கால்பந்து மைதானத்தின் ஒலிபெருக்கி அறையில் அவருக்குப் பதினோரு வருட வேலை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது; வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதைச் சட்டை செய்வதில்லை, எல்லாருக்கும் அவர் 'மைக்செட்'தான்.

"எண்பது இருக்கும் சார்."

"நூத்தி நாலு. வாட்சைக் கையில வெச்சுக்கிட்டுதான் நின்னேன். பாடுறவருக்கு ஜலதோஷம் புடிச்ச மாதிரி இருந்துச்சு. ஏன்?"

ஏன் என்பதை மேலாளரிடம் சொல்ல முடியாது. காரணம் மூன்றாம் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமைதோறும் ஆட்டத்துக்கு முன்னால் கீதம் ஒலிக்கும். ஒலித்தால் மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரும் போட்டது போட்டபடி எழுந்து கொடியைப் பார்த்து நிற்க வேண்டும். அவளும் மூன்றாம் வாசல் படிக்கட்டின் உச்சிக்கு வந்து தூணோரமாக நிற்பாள். கொடிக்கம்பம் மைக்செட்டின் கண்ணாடி அறைக்கு நேர் மேலே இருந்தது. அதனால் எல்லார் முகமும் அவர் பக்கம் திரும்பும், அவள் முகமும் திரும்பும். கொடியைத்தான் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.

கீதம் முடிந்தால் கூட்டம் உட்காரும், அவள் இறங்கிப் போய்விடுவாள், அவர் ஆட்டக்காரர்களின் பெயர்களைப் படிக்கத் தொடங்குவார். கடைசி அறிவிப்பைச் சொல்லிவிட்டு அவர் கீழே வருவதற்குள் வாசல் ஆட்கள் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆக, வாரத்துக்கு ஐம்பத்திரண்டு விநாடி. நாற்பத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு அது போதவே போதாது.

ஒரே ஒருமுறை அவள் மாடியேறி அறைக்கு வந்திருக்கிறாள். ஐந்து மாதம் இருக்கும்.

"ஒரு குடை காணாமப் போச்சுங்க. கறுப்பு. கைப்பிடி உடைஞ்சிருக்கும்."

"யாரோடது?"

"என்னோடதுதான்."

அவர் உடனே அறிவித்தார், அதுவும் மூன்று முறை. படியிறங்கும்போது அவள், "உங்க குரல் பக்கத்துல கேட்டா வேற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேறு மாதிரி என்றால் நல்ல மாதிரியா, கெட்ட மாதிரியா? அன்றிலிருந்து அவர் நினைப்பெல்லாம் அதுதான். பேருந்தில் நிறுத்தத்தைத் தவறவிட்டதுகூட உண்டு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, முழங்கை பட்டு வேகத்தைக் குறைக்கும் பொத்தான் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. கீதம் அறுபத்திரண்டு விநாடி ஓடியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பத்து விநாடி கூடுதலாக அவள் முகம் கிடைத்தது. அடுத்த வாரம் முழங்கை வேண்டுமென்றே பட்டது. அதற்கடுத்த வாரம் முழங்கைக்குப் பேராசை வந்துவிட்டது.

"பதிவு பழசாயிடுச்சு சார். அதான் இழுக்குது" என்றார் மைக்செட்.

"அப்ப அது வேண்டாம். நேர்ல யாரையாவது வெச்சு வாசிக்கச் சொல்லுங்க."

மைக்செட் ஒரு வயலின் டீச்சரைப் பிடித்து வந்தார். "அவசரமே இல்லீங்க. நிதானமா வாசிங்க" என்றார். முப்பது வருடமாக வேறு வேறு மண்டபங்களில் 'சீக்கிரம் முடிங்க' என்ற சொல்லையே கேட்டுக் காய்ந்துபோயிருந்த அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசிக்க ஆரம்பித்தார். நடுவில் ஓரிடத்தில் வில்லை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கீதம் முடிந்துவிட்டது என்று பாதிக் கூட்டம் கைதட்டி உட்கார்ந்தது. மீதிப் பாதி முறைத்தது. உட்கார்ந்தவர்கள் அடித்துப் பிடித்து எழுந்தபோது வயலின் மறுபடி கிளம்பியது. மொத்தம் மூன்று நிமிடம்.

மறுநாள் ஒரு பத்திரிகை 'உள்ளத்தை உருக்கிய கீதம்' என்றது. இன்னொன்று 'நாட்டுக்கே தலைகுனிவு' என்றது. ஒரு பெரியவர் தன் முழங்கால் வலிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டு எழுதினார். வேறொருவர், செத்துப்போன தம்பி ஞாபகம் வந்து அழுதுவிட்டதாகவும் வாராவாரம் இப்படியே வாசிக்க வேண்டும் என்றும் எழுதினார். முடிவெட்டும் கடையில் இதை வைத்துச் சண்டை வந்து, ஒருவர் பாதித் தலையோடு எழுந்து போனாராம்.

"ஏன்டா, பொத்தான அமுக்கினா பாட்டு வருது. அதக்கூட ஒழுங்கா செய்ய முடியலையா உன்னால?" என்றாள் அக்கா. அவர் அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்.

"செய்ய முடியுதுக்கா. அதான் பிரச்சனை."

அக்காவுக்குப் புரியவில்லை. சாப்பாட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

மேலாளருக்கு ஒரு யோசனை வந்தது. "தனியா விட்டா இஷ்டத்துக்கு இழுக்கிறாங்க. நாப்பது பேரா சேர்ந்து பாடினா யாரு இழுக்க முடியும்?"

தபால் துறையில் ஓய்வு பெற்றவர்களின் பாடல் குழு ஒன்று வந்தது. அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு: யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். கடைசி ஆள் ஒரு வரியை முடிக்கும்வரை மற்றவர்கள் அந்த வரியிலேயே காத்திருப்பார்கள். ஐந்தரை நிமிடம் ஆனது. நின்ற இடத்திலேயே எதிரணி கோல்கீப்பருக்குக் கால் பிடித்துக்கொண்டது. நாலு கோல் வாங்கிய அந்த அணி எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தது.

மைக்செட்டுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அந்த ஐந்தரை நிமிடத்தில் அவள் தூணில் ஒரு கையை ஊன்றினாளே தவிர உட்காரவில்லை. மூன்றாவது நிமிடத்தில் கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். 'கொடிமேல் எவ்வளவு மரியாதை' என்று அவர் உருகிப்போனார்.

புகாருக்குக் கால்பந்துச் சங்கத்தின் பதில் புதன்கிழமை வந்தது. மேலாளர் கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

"இனிமே இறுதி ஆட்டத்துக்கு மட்டும்தான் கீதம். சாதாரண ஆட்டத்துக்குக் கிடையாது. வர்ற சனிக்கிழமை கடைசி. பதிவை சங்கத்துலயே அனுப்பியிருக்காங்க, சரியா அம்பத்திரெண்டு விநாடி. பொத்தான நான் அமுக்குறேன். நீங்க கையக் கட்டிட்டு நில்லுங்க."

"இறுதி ஆட்டம் எப்ப சார்?"

"வருஷத்துக்கு ஒண்ணுதானே."

வருடத்துக்கு ஐம்பத்திரண்டு விநாடி. அவர் மூன்று நாளும் சரியாகத் தூங்கவில்லை. கீழே போய்ப் பேசிவிடலாம் என்று நினைத்தார். என்ன பேசுவது? குடை கிடைத்ததா என்று கேட்கலாம். ஐந்து மாதம் கழித்தா? ஊருக்கே உரக்கப் பேசுகிற மனிதருக்கு ஒரே ஒருத்தியிடம் சொல்ல ஒரு வாக்கியம் அகப்படவில்லை.

சனிக்கிழமை மேலாளர் பொத்தானை அமுக்கினார். எல்லாரும் எழுந்தார்கள். அவள் வந்து தூணோரமாக நின்றாள். பத்து விநாடி போனது. இருபது போனது. அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். முப்பது. இன்னும் இருபத்திரண்டுதான் என்று மைக்செட் கணக்குப் போட்டார். அடுத்து என்ன செய்தோம் என்று அவருக்கே பிறகுதான் தெரிந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்த கருவியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மைக்கை எடுத்து, முதல் வரியிலிருந்து தானே பாட ஆரம்பித்தார். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.

அறிவிப்புக்கு வாய்த்த குரல் பாட்டுக்கு வாய்க்கவில்லை. சுருதி ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். மைதானம் மூச்சுவிடாமல் நின்றது. இரண்டாவது வரியில் அவர் குரல் உடைந்தது. பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று முன்வரிசையில் ஓர் அம்மாள் கூடச் சேர்ந்து பாடினார். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்தார்கள். பிறகு மொத்தக் கூட்டமும் அவரைக் கரையேற்றக் கிளம்பிவிட்டது. கரையேற்றுகிறவர்கள் நிதானமாகவா ஏற்றுவார்கள்? மீதிக் கீதம் முழுவதையும் இருபது விநாடியில் முடித்துவைத்தார்கள்.

கைதட்டல் அடங்க நேரமானது. நீளம் வேண்டும் என்றவர்களும் கூடாது என்றவர்களும் முதல்முறையாகச் சேர்ந்து தட்டினார்கள்.

மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லாதான் இருந்துச்சு. திங்கக்கிழமையிலிருந்து வர வேண்டாம்" என்றார்.

மைக்செட் படிக்கட்டின் உச்சியைப் பார்த்தார். காலி. ஆட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியலை மேலாளர் கையில் திணித்துவிட்டு, பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஆட்ட நேரத்தில் கீழே ஓடினார்.

மூன்றாம் வாசலில் தடித்த மனிதர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து கிழித்த டிக்கெட்டுகளைக் கூட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"இங்க டிக்கெட் கிழிக்கிற அம்மா எங்கங்க?" மைக்செட்டுக்கு மூச்சு வாங்கியது.

"நான்தானே கிழிக்கிறேன்."

"இல்லீங்க. பாட்டு நேரத்துல மேல தூண்கிட்ட வந்து நிப்பாங்களே, அவங்க."

"ஓ, அவங்களா? இப்பத்தான் பஸ் ஏறினாங்க" என்று அந்த மனிதர் வெளியே கையைக் காட்டினார். "அவங்க இந்த வேலைய விட்டே நாலு மாசமாச்சு, வாராவாரம் டிக்கெட் வாங்கிட்டு உள்ள வர்றாங்க, பாட்டு முடிஞ்சதும் கெளம்பிடறாங்க, ஆட்டம் பாக்கலையாம்மான்னு கேட்டா, பாக்க வேண்டியவரப் பாத்தாச்சுங்கறாங்க."