டூல்பாக்ஸ் அண்ணன் திரும்பக் கேட்ட மாத்திரைகள்

சேலத்திலிருந்து கிளம்பும் லாரிகளில் பாதி டீசலில் ஓடின. மீதி டூல்பாக்ஸ் அண்ணனின் மாத்திரையில் ஓடின. இதை எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் சொல்வேன்.

அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு லாரி ஆபீஸ். நான் புக்கிங் கிளார்க், அவர் லோடு சூப்பர்வைசர். வெண்ணந்தூர்க்காரர், முன்னாள் டிரைவர். அவருடைய இரும்பு டூல்பாக்ஸைத் திறந்தால் ஸ்பானர் இருக்காது. அடுக்கடுக்காக மாத்திரை அட்டைகள் இருக்கும். அந்தக் காலத்தில் நாக்பூர், இந்தூர் என்று ஓட்டும்போது வாங்கிப் பழகியவர், வண்டியை விட்ட பிறகும் பழக்கத்தை விடவில்லை. வடக்கே போகிற டிரைவரிடமெல்லாம், "அந்த மஞ்ச அட்ட கெடச்சா நாலு வாங்கியா கண்ணு" என்று சொல்லி அனுப்புவார்.

வைத்தியத்துக்கு அவரிடம் ஒரே ஒரு கேள்விதான். "வலி இடுப்புக்கு மேலயா, கீழயா?" மேலே என்றால் வெள்ளை. கீழே என்றால் மஞ்சள். இடுப்பிலேயே வலி என்றால் இரண்டும்.

ஒரு நாள் நான் தும்மிக்கொண்டே ஜவ்வரிசி லோடுக்கு பில் போட்டேன். அண்ணன் சிவப்பாக ஒன்றைக் கொடுத்தார். போட்டுக்கொண்டு, தார்ப்பாய் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்க மூட்டைகளின் மேல் ஏறினேன். அடுத்து கண் விழித்தபோது கிருஷ்ணகிரி டோல்கேட். செல்போன் அடித்தது.

"தும்மல் நின்னுச்சா சாமி?"

"நின்னுச்சுண்ணா. ஆனா நான் கிருஷ்ணகிரில இருக்கேன்."

"அது லாரி பண்ணுன தப்பு. மாத்தரையக் கொற சொல்லாத."

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு நாள் கண் மஞ்சளாகிவிட்டது. கேட்டால், "மஞ்ச லோடு ஏத்துனமில்ல, தூசி பூந்துருச்சு" என்றார். சோறு பிடிக்கவில்லை. நடந்தால் மூச்சு வாங்கியது. சிறுநீரும் அந்த நிறத்தில்தான் என்று தெரிந்ததும், அது எந்த லோடின் தூசி என்று கேட்டேன். அவரையும் டூல்பாக்ஸையும் என் வண்டியில் ஏற்றி அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

டாக்டரம்மா பெட்டியைத் திறந்தார். கிரீஸ் வாசனையோடு மாத்திரைகள். மஞ்சள் அட்டையைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தார்.

"இத எவ்வளவு நாளா சாப்பிடுறீங்க?"

"முட்டி வலி வந்ததுல இருந்துங்க."

"இதுல நிமிசுலைடு இருநூறு மில்லிகிராம் இருக்கு. நூறுக்கு மேல இருந்தா ஈரலுக்கு ஆபத்துன்னு இத தடை பண்ணியாச்சு. ரத்தத்துல பாத்துட்டுதான் முடிவா சொல்லணும், ஆனா எனக்கு இதுமேலதான் சந்தேகம்."

"தடை பண்ணுனத எனக்கு யாருமே சொல்லலீங்களே" என்றார் அண்ணன். "மாத்தரயும் சொல்லலீங்க."

பரிசோதனையில் ஈரல் வீங்கியிருந்தது. உடனே அட்மிட் செய்தார்கள். கையில் டிரிப்ஸ் ஊசி ஏறியபோது அவர் பயப்படவில்லை. பிறகு திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்போதுதான் பயம் வந்தது.

"சாமி, போனை எடு. என்ர மாத்தர வாங்குன அத்தன பேருக்கும் போடு."

அன்றைக்கு அந்த வார்டு லாரி ஆபீஸ் ஆனது. யாருக்கு எந்த முட்டியில் வலி, யார் பாக்கெட்டில் எத்தனை மாத்திரை மிச்சம், எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல நான் போட்டேன். ஒருவர் விஜயவாடாவில் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். ஒருவர் தன் மாத்திரையை மாமியாருக்குக் கொடுத்திருந்தார். மாமியார் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தார். நாங்கள் பக்கத்து வீடு வரைக்கும் துரத்தினோம். நர்ஸ் அதட்டினார். அண்ணன் ஒரு கையால் அவரைக் கும்பிட்டுக்கொண்டே அடுத்த பெயரைச் சொன்னார்.

கடைசியில் முருகேசன், நாக்பூர் தாபாவில்.

"முருகேசா, அண்ணன் குடுத்த மஞ்ச மாத்திர எங்க?"

"ம்ம்... ம்ம்ம்."

"என்னய்யா ம்ம்?"

அண்ணன் போனைப் பிடுங்கினார். "வாயில இருக்குதா? துப்புடா."

துப்புகிற சத்தம் ஸ்பீக்கரில் வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். அண்ணன் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

நாள்பட மஞ்சள் மாத்திரை தின்றவர்களை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. அண்ணனும் மெல்லத் தேறினார். மிச்ச மாத்திரைகளை டாக்டரம்மாவிடமே ஒப்படைத்தார்.

வேலைக்குத் திரும்பியவர் கேட்டில் செக்போஸ்ட் போட்டார். எவன் பாக்கெட்டில் அட்டை தெரிந்தாலும் வண்டி நகராது.

"இ-வே பில் இல்லாம லோடு ஏத்துவியா? அப்பறம் மாத்தரைக்கு டாக்டர் சீட்டு எங்க, கடை பில் எங்க? அட்டையில காலாவதித் தேதியப் பாரு, எஃப்சி முடிஞ்ச வண்டிய ரோட்டுல உடுவியா? முன்னால போட்டிருக்கறது சும்மா பெயிண்ட் அடிச்ச பேரு. பின்னால உள்மருந்து பேரு இருக்குதில்ல, அதுதான் இரும்புல கொத்துன சேஸிஸ் நம்பரு. தடைன்னா அந்த நம்பருக்குத்தான் தடை."

டிரைவர்களுக்கு அது சட்டென்று புரிந்தது. எனக்கும்தான்.

ஆனால் அண்ணன் எதிலும் பாதியில் நிற்கிறவர் இல்லை. முதலாளியின் பிரஷர் மாத்திரைக்குத் தடை என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்ததும், மேஜை மேலிருந்த அட்டையையே பறிமுதல் செய்துவிட்டார். முதலாளி கத்தினார். நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"யாருங்க அது, தினமும் சாப்பிடுற மாத்திரைய திடீர்னு நிறுத்தச் சொன்னது? அந்தச் செய்தி பொய். சந்தேகம் வந்தா என்னைக் கேளுங்க, இல்ல மருந்துக்கடையில கேளுங்க. நீங்களா நிறுத்தாதீங்க."

அண்ணன் அட்டையைப் பவ்யமாக மேஜையில் வைத்தார். "மொதலாளி, வண்டி ரிலீசுங்க."

இப்போது வேலையை விட்டுவிட்டு வெண்ணந்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "என்ன மாத்தர திங்கற? பின்பக்கத்தப் படி சாமி, கேக்கறேன்" என்பார். நான் நிறுத்தி நிதானமாகப் படிப்பேன். உடம்புக்கு ஒன்றுமில்லாத வாரங்களில், மனைவியின் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அவர் போனுக்காகக் காத்திருக்கிறேன்.