கம்பத்தில் கொழுவிய கையுறை

புருசெத், ஒஸ்லோ
தை, 2003

அன்புள்ள மச்சான் குகநேசனுக்கு,

நானும் உன் அக்கா மங்களேஸ்வரியும் சுகம். நீயும் பேர்கனில் சுகமாயிருக்க வேண்டும். திட்டுவதற்கு எனக்கு ஆள் வேண்டாமா? "அத்தான், நோர்வேயிலை இருந்துகொண்டு பனியிலை ஸ்கீ போடாட்டி மனிசரே?" என்று போனில் ஏற்றிவிட்டவன் நீதானே!

பல் செட் கட்டிப் பிழைக்கிறவனுக்கு விரல்தான் சீவியம். அதனால் கை குளிராதிருக்க முதலில் நல்லெண்ணெய், அதற்குமேல் உன் அக்கா கோப்பை கழுவும் றப்பர் கையுறை, அதற்குமேல் தோல், அதற்கும் மேல் கம்பளி என்று இறுக்கி மாட்டிக்கொண்டு சனிக்கிழமை லோறென்ஸ்கூக் பக்கக் காட்டுக்குள் இறங்கினேன். றப்பருக்குள் வேர்த்தது, வேர்வை உறைந்தது, விரல்கள் என்னுடையவையா என்றே தெரியாமல் போயிற்று. கூட வந்த சிநேகிதர் றெஜினோல்ட் தலையிலடித்துக்கொண்டார். "ஐஞ்சு விரலுக்கும் ஐஞ்சு அறை குடுத்தால் ஒவ்வொண்டும் தனிய விறைக்கும் ஐசே! விரல் பிரிக்காத கையுறை போட்டிருக்கோணும். எல்லாம் ஒரு வீட்டுக்கை கிடந்தால்தான் சூடு. உந்த ஈரத்தைக் கழட்டிப்போட்டு நில்லும், காருக்கை ஒரு சோடி கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன்" என்று சறுக்கிப் போய்விட்டார்.

வெறுங்கையோடு நின்ற நான் பாதையோரக் கம்பத்தின் நுனியில் சாம்பல்நிறக் கையுறை ஒன்றைக் கண்டேன். விரல் பிரியாதது. அடுத்த கம்பத்தில் அதன் சோடி. நம்மூர்த் தண்ணீர்ப்பந்தல் மாதிரி, விறைத்து வருகிறவனுக்குத் தர்மமாக வைத்திருக்கிறார்கள், நல்ல சனம் என்று எடுத்து மாட்டினேன்.

மச்சான், உள்ளே சூடு. ஆளின் சூடு. யாரோ இப்போதுதான் கையை எடுத்தது போல. சுற்றிப் பார்த்தேன், பனியில் எங்கள் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. கழற்றப் பார்த்தால் உள்ளிருந்து ஏதோ என் விரல்களைக் கோத்துப் பிடித்தது. "ஐயோ அம்மாளாச்சி!" என்று கத்தினேன். அது மெல்லத் தட்டிக்கொடுத்தது.

பிறகென்ன, கை முன்னே, நான் பின்னே. நின்ற இடத்திலேயே விழுகிறவன், நோர்வேக்காரனே தோற்றுப்போகச் சறுக்கி இறங்கினேன். எப்படி வீடு வந்தேனென்று தெரியாது. உன் அக்காவையும் காணவில்லை. சோற்றைப் போட்டால் கை குழைக்க மாட்டேனென்று முள்ளுக்கரண்டி தேடுகிறது! போகட்டும். விரல் தப்பிவிட்டது, தொழிலும் தப்பிவிட்டது, அந்தச் சந்தோசம் போதும்.

உன் வீட்டில் ஒருவர் விரலும் விறைக்காமல் நயினை அம்மன் காக்க.

இப்படிக்கு,
அத்தான் இரத்தினவேல்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுறன். அத்தான் சனிக்கிழமை தொடக்கம் ஆஸ்பத்திரியிலை. றெஜினோல்ட் திரும்பி வரேக்கை கம்பத்துக்குக் கீழை மயங்கிக் கிடந்தவராம். ரண்டு கையும் முழங்கை வரைக்கும் கட்டு. விழுந்த கையுறையை உடையவர் வந்து எடுக்கட்டும் எண்டுதான் இஞ்சை கம்பத்திலை கொழுவிறது. இந்த மனிசன் அதைப் போய்த் தர்மமெண்டு எடுத்திருக்கு! நான் இப்பதான் உடுப்பெடுக்க வீட்டை வந்தனான். பூட்டின வீட்டுக்கை, மேசையிலை இந்தக் கடிதம். மை காயேல்லை. அவரின்ரை எழுத்துத்தான், எனக்குத் தெரியாதே? எனக்குப் பயமாக் கிடக்கு, உடனை வா. அவரின்ரை கை இஞ்சை இருந்து எழுதினதெண்டால், நேற்று முழுக்க நான் ஆஸ்பத்திரியிலை பிடிச்சுக்கொண்டிருந்தது ஆரின்ரை கை?