கத்திரிப்பூக் கலரில் ஒரு வெளிநாட்டுப் பயணம்

வாழ்க்கையில் நான் போன வெளிநாடு ஒன்றே ஒன்றுதான். அதுவும் காரில். காலையில் மயிலாப்பூரில் காபி குடித்துவிட்டுப் புறப்பட்டால் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய வெளிநாடு அது. பாண்டிச்சேரி. (சிரிக்காதீர்கள். நாற்பதுகளின் கடைசியில் நாம் சுதந்திரக் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்த பிறகும் அங்கே பிரெஞ்சுக்காரன் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. நடுவில் எல்லை, சுங்கச் சாவடி, தொப்பி வைத்த போலீஸ் எல்லாம் உண்டு.)

போன காரியம் பெண் பார்க்க. பெண்ணின் பெயர் வசந்தா. அவளுடைய போட்டோ எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு மாதமும் அது அப்பாவின் மேஜையில் இருந்ததைவிட என் சட்டைப் பையில் இருந்ததுதான் அதிகம். சும்மா மறைப்பானேன், அந்தப் பெண் எனக்கு வேண்டும் என்று போட்டோவைப் பார்த்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். சிக்கல் என்னவென்றால், அவள் கான்வென்டில் பிரெஞ்சு படித்தவள். நானோ இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. "மாப்பிள்ளை கொஞ்சம் நாகரிகமாக இருந்தால் நல்லது" என்று அவள் அப்பா தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். போதாக்குறைக்கு, நான் தேறாவிட்டால் கடலூர் எஞ்சினியர் ஒருவர் தயாராக நிற்கிறார் என்ற செய்தியையும் தரகர் போகிற போக்கில் போட்டுவிட்டுப் போனார்.

உடனே நான் திட்டம் போட ஆரம்பித்தேன். அதுதான் வினை.

முதல் வேலையாகப் பாண்டி பஜாரில் ஒரு டெய்லரைப் பிடித்து கோட்டு சூட்டு தைக்கக் கொடுத்தேன். இரண்டு மாதச் சம்பளம் அதில் போயிற்று. பிறகு ஆபீஸில் என் பக்கத்து நாற்காலி அருளப்பனிடம் ஆலோசனை கேட்டேன். சாந்தோம்காரன், அவனுடைய அத்தை ஒருத்தி பாண்டிச்சேரியில் இருந்தாள். அத்தை அங்கே இருக்கிறாள் என்பதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"வெளிநாடுன்னா பேப்பர்தான்யா முக்கியம். என்ன கேப்பான்னு சொல்ல முடியாது. இருக்கறதை எல்லாம் எடுத்துக்க" என்றான்.

எடுத்துக்கொண்டேன். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், அம்மை குத்திக்கொண்ட சான்றிதழ், தலைமையாசிரியர் கொடுத்த நன்னடத்தைப் பத்திரம், ரேஷன் கார்டு. வெளிநாட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாமே, அதனால் ஒரு கூஜா நிறையக் காய்ச்சிய மயிலாப்பூர்த் தண்ணீர். "போன்ஷூர்" என்றால் வணக்கம் என்று அருளப்பன் சொல்லிக்கொடுத்திருந்தான். அதைக் கண்ணாடி முன்னால் நின்று விதவிதமான முகபாவங்களோடு பழகினேன். "குழந்தைக்குத் தொண்டை கட்டிண்டிருக்கு" என்று அம்மா மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

கார் ஏற்பாடும் என்னுடையதுதான். யுத்தம் முடிந்தும் பெட்ரோல் ரேஷன் முடியாத காலம் அது. காதர் பாயின் டாக்சி யுத்த காலத்தில் மாட்டிய கரி அடுப்பைப் பின்பக்கம் சுமந்துகொண்டு கரிப் புகையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஏறி இறங்கினால் ரயில் எஞ்சினில் வேலை பார்த்தவன் மாதிரி ஆகிவிடுவோம். அதற்கும் என்னிடம் திட்டம் இருந்தது. பழைய வேஷ்டி சட்டையில் புறப்படுவது, எல்லை தாண்டியதும் சூட்டுக்கு மாறுவது.

இந்தச் சமயத்தில் பெண் வீட்டாரிடமிருந்து கடிதம் வந்தது. ஆடி பிறப்பதற்கு முன்னால் நல்ல நாள் வியாழக்கிழமை மட்டும்தான், ராகு காலத்துக்கு முன்னால் வந்துவிடுங்கள் என்று.

"வியாழக்கிழமையா? தெக்கே சூலமாச்சே!" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வியாழனன்று தெற்குத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது. பாண்டிச்சேரியோ தெற்கைத் தவிர வேறெங்கும் இல்லை. ஆனால் நம் பெரியவர்கள் எல்லாச் சட்டத்துக்கும் ஒரு சந்து விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். நல்ல நேரம் பார்த்து முதல் நாளே பெட்டியைப் போகிற திசையிலுள்ள ஒரு வீட்டில் கொண்டு வைத்துவிட வேண்டும். பெட்டி கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பியதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொண்டு போகலாம், சூலம் ஒன்றும் செய்யாது. எங்களுக்கு அடையாற்றில் பெரியப்பா வீடு இருந்தது. ஆற்றைத் தாண்டி, அசல் தெற்கு. புதனன்று மூவருடைய துணியும் அடங்கிய பச்சை டிரங்குப் பெட்டியை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். பெட்டிமேல் பெயர் எழுதி ஒட்டினால் வெளிநாட்டுத் திருடர்களுக்கு நம் பெயர் தெரிந்துவிடும் என்று யோசித்து, சீட்டை மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். (என் புத்திசாலித்தனத்தை அன்று நானே மெச்சிக்கொண்டேன்.)

வியாழன் விடியற்காலை அப்பா, அம்மா, நான் மூவரும் புறப்பட்டோம். மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது என்று அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, என்னிய கணக்குல சேக்க மாட்டியா? நானும் மாப்ள வூட்டு ஆளுதான். நாலு பேரு ஆச்சு, ஏறு" என்றார் காதர் பாய்.

அடையாற்றில் பெரியப்பா கேட்டருகே தயாராக நின்றார். பரஸ்தானப் பெட்டியை எடுக்கும்போது வீட்டுக்குள் நுழையக் கூடாது, பெட்டியைத் திறக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அம்மா என்னைக் காரைவிட்டே இறங்க விடவில்லை. காதர் பாய் உள்ளே போய்ப் பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆனால் ஆடிக்கு முந்திய அந்த ஒரே நல்ல நாளில் தெற்கே பயணம் வைத்திருந்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. பெரியப்பா வீட்டுக் கூடம் மயிலாப்பூர்ப் பெட்டிகளால் நிரம்பி வழிந்தது என்பதை நான் காரில் உட்கார்ந்தபடி எப்படி அறிவேன்?

செங்கல்பட்டு தாண்டியதும் கார் ஏற்றத்தில் திணறியது. "நான் கிளறுகிறேன்" என்று கரி அடுப்பிடம் போனேன். (ஆபீஸில் பேனா பிடிப்பவன் செய்கிற வேலையா இது?) ஒரு கங்கு தெறித்து விழுந்து வேஷ்டியில் கையகலத்துக்குப் பொத்தல்.

"போனால் போகிறது, சூட்டு இருக்கிறதே" என்று சிரித்துக்கொண்டேன். அதுதான் அன்று நிம்மதியாகச் சிரித்த கடைசிச் சிரிப்பு.

எல்லையில் நம் பக்கத்துச் சுங்க அதிகாரி காரை நிறுத்தினார். நான் பேப்பர் கட்டை நீட்டினேன். அவர் நன்னடத்தைப் பத்திரத்தை மட்டும் ஆர்வமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பெட்டியில என்ன இருக்கு?"

"ஒரு கோட், ஒரு சூட், சில்க் டை" என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன்.

"பெட்டி உங்களுதுதானே?"

"சாட்சாத் என்னுடையது."

திறந்தார். மேலாகக் கத்திரிப்பூக் கலரில் மஞ்சள் கரை போட்ட ஒன்பது கஜப் பட்டுப் புடவை. அதன் கீழே ரவிக்கை. அப்புறம் ஒட்டியாணம், வங்கி, கழுத்து நிறையக் கல் பதித்த நகைகள். அடியிலிருந்து முழங்கால் நீளத்துக்கு ஒரு சவுரிப் பின்னலை உருவி உயரத் தூக்கிப் பிடித்தார் அதிகாரி.

"டை இதுவா சார்?"

நான் திருதிருவென்று விழித்தேன். அம்மா புடவையைப் பார்த்தாள், ரவிக்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ரகு, யாருடா அவ?"

"அம்மா, சத்தியமா எனக்குத் தெரியாது!"

"தெரியாதவ புடவை உன் பெட்டிக்குள்ள எப்படிடா வந்தது? பொண்ணு பார்க்கப் போற நாளா பார்த்தா இது எனக்குத் தெரியணும்?"

காதர் பாய்தான் வந்து ஒரு நகையை நகத்தால் சுரண்டினார். "அய்ய, கண்ணாடிக் கல்லும்மா. இது எவனோ பொம்பள வேசம் கட்ற நாடகக்காரன் பொட்டி. நம்ம பொட்டி அங்கியே கீது" என்றார். அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. அதற்குள் பெட்டியைத் தூக்கி வந்ததே அவர்தான் என்பது நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன்.

நகைகளையும் சவுரியையும் திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, புடவையோடு எங்களை அனுப்பினார்கள். அந்தப் பக்கத்துப் போலீஸ்காரரிடம் நான் ஈனசுரத்தில் "போன்ஷூர்" என்றேன். "என்னா சார், மெட்ராஸா? வேட்டில இவ்ளோ பெரிய ஓட்டை?" என்று அனுதாபத்தோடு விசாரித்தார் அவர்.

இப்படியாக வெளிநாட்டு மண்ணில் காலடி வைத்தாயிற்று. பொத்தல் வேஷ்டி, கரி பிடித்த சட்டை. ஒரு வேஷ்டி வாங்கிவிடலாம் என்றால், மத்தியானம் கடைகளைச் சாத்திவிட்டுத் தூங்குவது அந்த ஊர் வழக்கம். ராகு காலம் வேறு துரத்திக்கொண்டு வந்தது. அப்பா பேசாத மனிதர். அவரே மனமிரங்கி, "என் வேஷ்டியை நீ கட்டிக்கோ. நான் கார்லயே இருந்துடறேன்" என்றார்.

"அப்புறம் மூணு பேரா போறதா?" என்று அம்மா சீறினாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். அவள் பார்வை போன திசை எனக்குப் பிடிக்கவில்லை.

"ஒம்போது கஜம் இருக்கு. பட்டு. கரையும் இருக்கு. பஞ்சகச்சமா கட்டிட்டா யாருக்குடா தெரியப்போறது?"

"அம்மா, வேண்டாம்மா!"

"நாளன்னிக்கு ஆடி. கடலூர்க்காரன் காத்துண்டிருக்கான். பொண்ணு வேணுமா, வேண்டாமா?"

வேணும். அதனால் ஒரு வேப்பமரத்தடியில், காதர் பாய் ஜமக்காளத்தை விரித்து மறைவு பிடிக்க, என் தாயார் எனக்குப் புடவை கட்டினாள். கச்சம் வைத்து மீந்ததை மார்பைச் சுற்றி அங்கவஸ்திரமாகப் போர்த்திவிட்டாள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். புல்லுக்கு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

பெண் வீட்டு வாசலில் அவள் அப்பா எங்களை வரவேற்றார். நாகரிக மாப்பிள்ளைக்கு மரியாதையாக அவர் கோட்டு, கால்சட்டை, டை எல்லாம் போட்டிருந்தார். உள்ளே மேஜையில் பீங்கான் தட்டும் கேக்கும் தெரிந்தன. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் வெளுத்தது. "ஒரு நிமிஷம்" என்று உள்ளே ஓடினார். கேக் மறைந்தது, நாற்காலிகள் மறைந்தன, ஜமக்காளமும் கேசரியும் வந்தன. அவரும் பஞ்சகச்சத்தோடு நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்து, "எங்காத்துலயும் ஆசாரம்தான்" என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

வசந்தா வந்தாள். போட்டோ பொய் சொல்லவில்லை. பெண் பார்க்கும்போது பெண் தலை குனிந்துதான் இருக்க வேண்டும் என்பது வழக்கம். அவளும் குனிந்துதான் இருந்தாள். ஆனால் அவள் குனிந்த இடத்தில்தான் என் கச்சம் இருந்தது. அதன் பின்னாலிருந்து, அம்மா அவசரத்தில் கவனிக்காமல் விட்ட முந்தானை, அன்னப்பட்சிகளும் குஞ்சலமுமாக என் முழங்காலில் வழிந்துகொண்டிருந்தது. ஆண்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு முந்தானை தெரியாமல் போகுமா?

அவள் தோள்கள் குலுங்கின. வெட்கம் என்று நினைத்தேன். பிறகு அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"வசந்தா!" என்று அவள் அப்பா அதட்டினார்.

"அப்பா, மாமியைக் கேளுங்கோ. புடவை காஞ்சிபுரமா, ஆரணியா?"

அம்மா விட்டத்தைப் பார்த்தாள். கடலூர் எஞ்சினியர் மாலையும் கழுத்துமாக என் கண் முன்னால் நின்றார். இனி இழக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியதால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சூலம், பரஸ்தானம், உள்பக்கம் ஒட்டிய சீட்டு, சவுரி, "யாருடா அவ" வரை ஒன்று விடவில்லை. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் என் அப்பாவே கூட. அவர் பேசாத மனிதர் மட்டுமல்ல, சிரிக்காத மனிதரும்கூட.

மறைந்த கேக் திரும்பி வந்தது. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே அவள் அப்பா கேட்பது காதில் விழுந்தது. "உனக்கு என்னம்மா தோணறது?" நான் கேக்கை விழுங்காமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு பெட்டியைக்கூட ஒழுங்கா எடுத்துண்டு வரத் தெரியலை. யாராவது கூடவே இருந்து பார்த்துக்கணும்ப்பா. நானே போயிடறேன்" என்றாள் வசந்தா.

ஆவணியில் கல்யாணம். என் சூட்டு நாடகக்காரரிடமிருந்து திரும்பி வந்தது, காலரில் ரோஸ் பவுடரோடு. அவரும் அன்று கும்பகோணத்தில் பெட்டியைத் திறந்து பார்த்து மூர்ச்சையாகி, வேறு வழியில்லாமல் மகாராணி கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வேட்டைக்குப் போவதாக ஒரு காட்சியை மேடையிலேயே சேர்த்துவிட்டாராம். நல்ல கைதட்டலாம். நான் அந்தச் சூட்டைக் கடைசிவரை போடவே இல்லை. வசந்தாவுக்கு அதில் வருத்தமே இல்லை. "மத்த வரன்லாம் வந்து என் புடவையைப் பார்த்துட்டுப் போனா. நான்தான் மாப்பிள்ளையோட புடவையைப் பார்த்துக் கல்யாணம் பண்ணிண்டவ" என்று யார் வந்தாலும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பல வருஷம் கழித்து எங்கள் பெண்ணைப் பார்க்க ஒரு பையன் வந்தான். நல்ல படிப்பு, நல்ல வேலை, இஸ்திரி மடிப்புக் கலையாத பேன்ட் சட்டை. எல்லோருக்கும் திருப்தி. வசந்தா மட்டும் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சபை நடுவில், வெகு சீரியஸாக என்னிடம் திரும்பினாள்.

"எல்லாம் சரி. ஆனா பையன் புடவை கட்டிண்டு வரலையே. எதை நம்பிப் பொண்ணைக் கொடுக்கறது?"