ஸ்டெப்னி இல்லாத பயணம்

மனைவியின் பதவி உயர்வைச் சண்டை போடாமலே ஒழித்துக்கட்டுவது என்று அவர் தீர்மானித்தது, ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது.

பாடப் புத்தகங்களில் அச்சுப்பிழை பார்ப்பது அவர் வேலை. பிழை திருத்திப் பிழைக்கிறவர். தெருவில் அவருக்குப் பெயரே ‘பிழையார்’. கல்யாணப் பத்திரிகையோ, கக்கூஸ் கதவில் ஒட்டிய அறிவிப்போ, எங்கே தப்பைக் கண்டாலும் அவர் கை தானாகப் பேனாவைத் தேடும்.

மனைவி மாட்டு டாக்டர். எத்தனையோ வருஷம் காத்திருந்து கிடைத்த உயர்வு. ஆனால் வேலை கணவாய்க்கு அப்பால், வரைபடத்தில் வெறும் மஞ்சளாகத் தெரியும் மேட்டு நிலத்தில். அங்கே மனுஷர்களைவிட மாடுகள் அதிகம், மாடுகளைவிடக் கற்கள் அதிகம் என்று கேள்வி. வருகிற திங்கட்கிழமைக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்று இவர் சொன்னால் ஆயுசுக்கும் குத்திக்காட்டுவாள். ஆகவே அவள் வாயாலேயே வேண்டாம் என்று வரவேண்டும்.

ஒரு தடவை காரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றார், குரலில் தேன் வடிய. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

கிளம்பும் முன் காரிலிருந்த ஸ்டெப்னியை எடுத்துக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டார். மற்ற நான்கு டயர்களும் அவர் தலையைப் போலவே வழுக்கை. பொட்டல் காட்டில் ஏதாவது ஒன்று கட்டாயம் வெடிக்கும். அரை நாள் வெயிலில் காய்ந்தால் பதவி ஆசையும் காய்ந்துவிடும் என்பது அவர் கணக்கு.

கணவாயைத் தாண்டியதும் முதல் அடி, ரோடு. அவர் தெருவுக்கே வாய்க்காத ரோடு. மனைவி மடியில் வைத்திருந்த டம்ளர் தண்ணீர் அலுங்கவில்லை. இரண்டு பக்கமும் புல்வெளி, நடுவே நீலமாக ஒரு ஏரி. அவர் அம்மா போன் செய்து, பக்கத்து ரூமிலிருந்து பேசுவது போலத் தெளிவாகக் கேட்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

மத்தியானம் டயர் அவர் மானத்தைக் காப்பாற்றியது. வெடித்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு இறங்கி, ஸ்டெப்னியைக் காணோம் என்றார். அவள் ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. இப்படி ஒரு அனாதைக் காட்டில், என்று அவர் ஆரம்பித்த வாக்கியம் முடிவதற்குள் ஒரு பால் வண்டி வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு டிராக்டர். பால்காரர் டயரைக் கழற்றி ஒட்ட எடுத்துப் போனார். டிராக்டர்காரர் இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய், ஏரியைப் பார்த்த ஜன்னலோரம் உட்காரவைத்துச் சோறு போட்டார்.

உண்ட களைப்பில் தூங்கிவிட்டார். விழித்தபோது கார் நான்கு கால்களோடு வாசலில் நின்றது. கொட்டிலில் அவர் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு நொண்டிக் கன்றின் குளம்பை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அவர் கல்யாணமான புதிதில் பார்த்தது.

திரும்பக் காரில் ஏறியதும் அவள் முகம் கோணிக்கொண்டது.

“ஒரே சத்தமா இருக்குங்க இங்க.”

“சத்தமா? ஈ பறந்தாக்கூடக் கேட்குது. தப்பாச் சொல்லாத.”

“தண்ணியும் உப்பு.”

“ரெண்டு சொம்பு குடிச்சிருக்கேன். கல்கண்டு.”

“ஜனங்க சட்டுனு ஒட்ட மாட்டாங்க போல.”

“டயரையே ஒட்டிக் குடுத்தாங்க. இதுக்கு மேல எப்படி ஒட்டணும்?”

வழிநெடுக அவள் தப்புத் தப்பாகச் சொன்னாள். அவர் திருத்திக்கொண்டே வந்தார். இந்த ஊரில் ஒரு நூலகம்கூட இருக்காது என்றாள். அவர் காரை நிறுத்தி, நாலு பேரை விசாரித்து, நூலகத்தைக் கண்டுபிடித்து ஜன்னல் வழியே அலமாரிகளைக் காட்டினார். சாயங்காலம் மாட்டு ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பேசாமல் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன் என்றாள் அவள்.

அவருக்குப் பொறுக்கவில்லை.

“இத்தனை வருஷம் கழிச்சு உனக்கு ஒரு மரியாதை கிடைக்குது. அதைப் போய் வேண்டாங்கறது பெரிய தப்பு. எனக்காக ஒத்துக்கோ.”

சொன்னது தன் வாய்தான் என்று தெரிந்து அவரே திகைத்தார். ஆனால் சொன்னதில் பொய் இல்லை.

அவள் ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, இவ்வளவு கெஞ்சுகிறீர்களே என்பதற்காகச் சம்மதம் என்றாள். ஆனால் தன் மாமியாரிடம் விஷயத்தைச் சொல்வது அவர் பொறுப்பு. இங்கே வந்தபின் விடிந்தால் அவள் பட்டிதொட்டியெல்லாம் சுற்றப் போய்விடுவாள். ஆகவே சமையலும் அவர் பொறுப்பு. ஜெயித்த குஷியில் அவர் இரண்டுக்கும் தலையாட்டினார்.

சாவிக்கொத்தோடு ஆஸ்பத்திரிக் காவலாளி வந்தார். பக்கத்திலிருந்த டாக்டர் வீட்டைத் திறந்து உள்ளே அழைத்துப் போனார். பிழையாரை அடி முதல் முடி வரை ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையசைத்தார்.

“போன மாசம் மாட்டு முகாமுக்கு வந்தப்ப டாக்டர் அம்மா சொல்லிட்டுப் போன மாதிரியே அடுப்பு மேடையை உசத்திக் கட்டியாச்சு சார். நீங்க உயரமான ஆளு, குனிஞ்சு சமைச்சா முதுகு பிடிச்சுக்கும்னாங்க. நின்னு பாருங்க, சரியா இருக்கா?”

அவர் நின்று பார்த்தார். கச்சிதமாக இருந்தது.