கரமனை சேஷன் உறுதி செய்கிறார்

சாப்பிடத் தெரிந்தவனை உலகம் மனிதன் என்று ஏற்றுக்கொள்கிறது. சாப்பிட வருகிறேன் என்று முன்கூட்டியே தெரிவித்து, தெரிவித்ததை உறுதி செய்து, உறுதி செய்ததை மறுபடியும் நினைவூட்டுகிற ஒருவரை என்னவென்று அழைப்பது? திருவனந்தபுரத்தில் அவரைக் கரமனை சேஷன் என்று அழைக்கிறார்கள்.

சேஷன் ரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். உத்தியோகம் அவரை விட்டுப் போனதே தவிர முன்பதிவு போகவில்லை. முடிவெட்டிக்கொள்ள முன்பதிவு செய்வார். பல் டாக்டரிடம் முன்பதிவு செய்துவிட்டுப் பல்வலி வருவதற்காகக் காத்திருப்பார். ஓட்டலில் மேசை பிடிப்பதோ அவருக்கு ஒரு யாகம். போக முடியாமல் போனால் தகவல் சொல்லாமல் இருக்கவே மாட்டார்.

"மேசையைத் துடைச்சு வெச்சுண்டு நமக்காகக் காத்திண்டிருப்பா. அவாளும் மனுஷாதானே? ஒரு போன் விளிச்சு, வரலைன்னு சொல்லாதவன் மிருகமாக்கும்" என்பது அவருடைய சித்தாந்தம். கரமனைத் தெருக்களில் இதைக் கேட்டு நொந்து போகாத காது கிடையாது.

இப்பேர்ப்பட்டவர் தம் மகன் கைலாஷுக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டார். பதிவுத் திருமணம் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். முன்பதிவுத் திருமணம் என்பது சேஷன் இந்தச் சமுதாயத்துக்கு வழங்கிய கொடை.

பெண் வலியசாலையைச் சேர்ந்த பிச்சுமணியின் மகள் ஜானவி. கூட்டுறவு வங்கியில் அதிகாரி. தாயில்லாத பெண். பிச்சுமணி தபால் இலாகாவில் இருந்து ஓய்வுபெற்ற, சத்தமாகத் தும்மவும் கூச்சப்படுகிற மனிதர். பெண்ணை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது இப்போது "பிற்போக்கு". சொஜ்ஜியும் பஜ்ஜியும் "ஆணாதிக்கம்". அதே ஆட்கள் ஓட்டலில் கூடி, அதே கேள்விகளைக் கேட்டு, சொஜ்ஜிக்குப் பதில் அவகாடோ தோசை சாப்பிட்டால் அது "முற்போக்கு". ஆகவே கவடியாரில் புதிதாகத் திறந்திருக்கும் "இலைவட்டம்" தேர்வாயிற்று. பெயரிலேயே இலை இருப்பதால் அங்கே மேசையில் இலை போடுவதில்லை. கருங்கல் பலகையில் பரிமாறுவார்கள்.

சேஷன் போன் செய்தார். எடுத்தவள் ராகேல், மார்த்தாண்டத்துக்காரி, அந்த ஓட்டலின் "விருந்தினர் உறவு அதிகாரி".

"சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணி. அஞ்சு பேர். ஜன்னலோரம்."

"ஷரி சார். ஒக்கேஷன் எந்தா? பிறந்தநாளா, வெட்டிங் ஆனிவர்சரியா?"

"பெண்ணு காணல்."

ராகேல் கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. "அந்த ஆப்ஷன் இதுல இல்ல சார். 'மற்றவை'ன்னு போடட்டா? கேக் ஃப்ரீ."

"கேக்குல என்ன எழுதுவேள்?"

"ஒக்கேஷன் பேருதான் சார் எழுதுவோம். 'மற்றவைக்கு வாழ்த்துகள்'."

சேஷன் கேக்கை மறுத்துவிட்டு, பூண்டு இல்லாத ஐட்டங்களை விசாரித்து, முன்பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டார். புதன்கிழமை உறுதி செய்தார். வியாழக்கிழமை மறு உறுதி செய்தார். அன்றைக்கே பிச்சுமணி தயங்கித் தயங்கிக் கூப்பிட்டு, "சனிக்கிழமை உறப்புதானே, மாத்தம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டபோது சேஷனுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் போட்ட டிக்கெட் எதாவது உறப்பில்லாம இருந்திருக்கா? தைரியமா வாங்கோ!"

வெள்ளிக்கிழமை மாலை மெல்போர்னிலிருந்து லீவில் வந்திருந்த சுப்பு கூப்பிட்டார். ஒரு காலத்தில் கரமனைக்காரர். அவருடைய மகள் ஸ்நேகாவுக்கு அங்கேயே வேலை, அங்கேயே வீடு, அங்கேயே குடியுரிமை. கைலாஷுக்கு அவளைப் பார்க்கலாமே, சனிக்கிழமை ஆறு மணிக்குச் சந்திக்கலாமா, ஏழு பேர் இருப்போம், ஏதோ 'இலைவட்டம்' என்கிறார்களே அது எப்படி என்று கேட்டார்.

சேஷனின் நெஞ்சு படபடத்தது. இதற்குக் காரணம் மெல்போர்ன் என்று நினைப்பவர்கள் சேஷனை அறியாதவர்கள். நாலு மணி மேசையை ரத்து செய்ய வேண்டுமே! அந்தக் குற்ற உணர்ச்சிதான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ராகேலைக் கூப்பிட்டார்.

"ஒரு அசௌகரியம் வந்துடுத்து குட்டி. நாளைக்கு நாலு மணி டேபிளைக் கேன்சல் பண்ணணும். உங்களுக்கு எவ்வளவு சிரமம்னு எனக்குத் தெரியும். மன்னிச்சுக்கணும்."

"அய்யோ சார், பரவால்ல. எத்தனையோ பேரு சொல்லாமலே வராம இருக்காங்க. சார் முந்தின நாளே சொல்லுதீங்களே!"

"அது மரியாதையில்லையா? இன்னொண்ணு, அதே நாளைக்கு ஆறு மணிக்கு ஒரு டேபிள். ஏழு பேர்."

"ஒக்கேஷன்?"

"மற்றவை."

போனை வைத்தபோது சேஷனின் கண் லேசாகக் கலங்கியிருந்தது. தம் பண்பைத் தாமே நேரில் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சூடாமணி கேட்டாள்: "பிச்சுமணிக்குச் சொல்லிட்டேளா?"

"என்னன்னு?"

"நாளைக்கு வரவேண்டாம்னு."

"நான் எப்போ வரவேண்டாம்னு சொன்னேன்? ஜானவியை நான் கேன்சல் பண்ணவே இல்லையே. ஆர்.ஏ.சி.ல வெச்சிருக்கேன். உட்கார இடம் உண்டு, உறுதி இல்லை. மெல்போர்ன் கன்ஃபார்ம் ஆனா இது தானா ரத்தாயிடும். ஆகலைன்னா இது கன்ஃபார்ம் ஆயிடும். இப்போ போய்ச் சொன்னா கையில இருக்கற டிக்கெட்டும் போயிடும்."

"ஓட்டலுக்கு மட்டும் சொன்னேளே?"

"அசடாட்டம் பேசாதே. சொல்லலைன்னா ஓட்டல்காரா மறுபடி டேபிள் தரமாட்டா. பெண்ணைப் பெத்தவா எங்கே போயிடப்போறா?"

சூடாமணி அடுத்த துணியை எடுத்தாள். சனிக்கிழமை காலையில் பிச்சுமணி இரண்டு தடவை கூப்பிட்டார். சேஷன் போனை மேசைமேல் வைத்து, அது அடித்து ஓயும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உறுதி இல்லாத தகவலைத் தருவது அவருடைய தொழில் தர்மத்துக்கு விரோதம்.

மாலை ஆறுக்குக் கால் மணி முன்பே, பட்டுக்கரை வேட்டியோடு சேஷனும் சூடாமணியும் இலைவட்டத்தின் வாசலை அடைந்தார்கள். ராகேல் மலர்ந்த முகத்தோடு ஓடி வந்தாள்.

"வாங்க சார்! உங்க ஆளுங்க எல்லாம் முன்னமே வந்தாச்சு. ஒரே ஃபேமிலியாச்சேன்னு உங்களுக்கும் அடுத்த டேபிளே போட்டிருக்கேன்."

சேஷன் உள்ளே பார்த்தார். ஜன்னலோரம் பிச்சுமணி. எதிரே மாம்பழ நிறப் புடவையில் ஜானவி. பக்கத்தில், தயிர் வடையை ருசித்துக்கொண்டு, அவருடைய சொந்த மகன் கைலாஷ்.

நடந்தது இதுதான். நாலு மணிக்குப் பிச்சுமணி மகளோடு வந்தார். மேசை ரத்தாகிவிட்டதை ராகேல் தெரிவித்தாள். "சேஷனா? இருக்காது, வேற யாரோட டேபிளாவது இருக்கும்" என்று பிச்சுமணி அந்தப் பெண்ணிடம் வாதாடிக்கொண்டிருந்தபோது, கழக்கூட்டத்தில் வேலையை முடித்துக்கொண்டு கைலாஷ் வந்து சேர்ந்தான். நேரம் மாறியதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. மகனுக்குத் தகவல் தர வேண்டும் என்று எந்த ஓட்டலின் விதிமுறையிலும் இல்லை. அப்பாவின் போன் எடுக்கப்படாததால், காலியாக இருந்த வேறொரு மேசையைக் கேட்டு வாங்கி மூவரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

சேஷன் அவர்களுக்கு முதுகைக் காட்டி, ஏழு நாற்காலிகளுக்கு நடுவே அமர்ந்தார். முதுகுக்குக் கண் தெரியாது. அதனால் முதுகையும் யாருக்கும் தெரியாது என்பது அவர் நம்பிக்கை. கைலாஷ் எழுந்து வந்தான்.

"என்னப்பா, நாலு மணின்னு சொல்லிட்டு இப்பத்தான் வரேளா?"

"ட்ராஃபிக்."

"கரமனைலேருந்து கவடியாருக்கா? சரி, டேபிளை ஏன் கேன்சல் பண்ணினேள்? அவா எவ்வளவு நேரம் நின்னா தெரியுமா? இந்த ஏழு நாற்காலி யாருக்கு?"

சேஷன் மெனு அட்டையை ஆழ்ந்து படித்தார். கைலாஷ் அம்மாவைப் பார்த்தான். அம்மா தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தாள். அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. காது மடல் சிவக்க, தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனான்.

ஆறு ஆயிற்று. ஆறே கால் ஆயிற்று. மெல்போர்ன் வரவில்லை. சேஷன் கூப்பிட்டார், சுப்பு எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார், போன் அணைக்கப்பட்டிருந்தது. ராகேல் மெல்ல வந்து நின்றாள்.

"சார், ஏழு பேரு டேபிளாக்கும். வெளியில ஆளு நிக்குது. கெஸ்ட் வருவாங்களா?"

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. தாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்து சேஷன் குரலை உயர்த்தினார்.

"என்ன ஜன்மங்கள் இதுகள்! வரலைன்னா ஒரு போன் விளிச்சுச் சொல்லக் கூடாதா? உடுத்திண்டு, புறப்பட்டு, இத்தனை தூரம் வந்து, நாலு பேர் பார்க்க உட்கார்ந்திருக்கறவன் மனுஷன் இல்லையா? அவனுக்கு மானம் கிடையாதா?"

ஓட்டலே திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து, தும்மக்கூட கூச்சப்படுகிற குரல் ஒன்று தெளிவாகக் கேட்டது.

"வாஸ்தவம் சேஷன். நானும் நாலு மணிலேருந்து அதையேதான் நினைச்சுண்டிருக்கேன்."

மனிதன் இடிந்துபோகிற கட்டம் இது. சேஷன் இடியவில்லை. ஒரு இருக்கை காலியானால் அடுத்தவருக்கு உறுதி செய்வதுதானே அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை? முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை வரவழைத்து, அவர்கள் மேசைக்கு நடந்தார்.

"பிச்சுமணி, ஒரு சின்னக் கன்ஃபியூஷன். போகட்டும், எல்லாம் நல்லதுக்குத்தான். குழந்தைகளும் பேசிண்டாச்சு. எங்களுக்குப் பூரண சம்மதம். கன்ஃபார்ம்னு வெச்சுக்கோங்கோ."

பிச்சுமணி மகளைப் பார்த்தார். ஜானவி எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். குரலில் கோபம் இல்லை. வங்கிக் கவுண்டரில் பேசுகிற நிதானம்தான் இருந்தது.

"மாமா, கைலாஷ்கிட்ட இப்பத்தான் சொன்னேன். உங்களுக்கும் நேர்லயே சொல்லிடறேன். எங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம். நாங்க பதில் சொல்லுவோம்னு நீங்க ஆத்துல காத்திண்டிருக்கக் கூடாது பாருங்கோ."

சேஷன் வாயைத் திறந்தார். வாழ்நாள் பழக்கம் முந்திக்கொண்டது.

"இன்ஃபார்ம் பண்ணினதுக்கு ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டார்.

பிச்சுமணியும் ஜானவியும் வெளியேறினார்கள். கைலாஷ் அவர்களுக்கு ஆட்டோ பிடித்துத் தரப் போனான். சேஷன் ஏழு நாற்காலிகளில் ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்து, "பார்த்தியாடீ, அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு திமிர்!" என்றார்.

சூடாமணி அவருடைய போனை எடுத்து அவர் கையிலேயே வைத்தாள்.

"அவ சொன்னாளே, அதே மாதிரி புத்தன்சந்தைப் பொண்ணாத்துக்கும் நாகர்கோவில் பொண்ணாத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. போன சித்திரைல போய்ப் பார்த்துட்டு, கன்ஃபார்ம் பண்றோம்னு சொல்லிட்டு வந்தேள். இன்னும் காத்திண்டிருக்கா."