வேலிக்கு இரு பக்கமும் ஒரே மிளகு

மடவளை.

அன்பின் தம்பி அஷ்பாக் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு யாவரும் சுகம். நீங்களும் சுகம் என்பது வேலி வழியாகத் தினமும் தெரிகிறது. அடுத்த வீட்டுக்குத் தபாலில் எழுதினால் ஊர் சிரிக்கும். வாப்பா மௌத்தான பிறகு நாம் பேச்சை நிறுத்தியதற்கு அது ஏற்கெனவே சிரித்துவிட்டது.

விஷயம் பாரதூரமானது. என் முற்றத்து மிளகுக் கொடி வாப்பாவின் கொடியில் வெட்டி நட்டதல்ல, சந்தையில் வாங்கியது என்று நீ பள்ளிவாசல் வாசலில் வைத்துச் சொன்னதில்தானே எல்லாம் ஆரம்பித்தது. தெல்தோட்டைப் பிள்ளை கஜலட்சுமி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், கண்டிப் பக்கத்து மிளகில் எத்தனை வகை உண்டென்று ஆராய வந்தாளே, பார்வைக்கு ஒன்றாக இருக்கும் கொடிகள் உள்ளுக்குள் வேறாக இருக்கலாமாம், இலையிலிருந்து மரபணுவைப் பிரித்து அதில் சில அடையாள இடங்களை ஒப்பிட்டால் வண்டவாளம் தெரிந்துவிடுமாம். உன் கொடியில் அவளே பறித்தாள். என் கொடியில் பிறர் கை படக்கூடாது என்று நான் தொழுகைக்குப்போல் கைகால் கழுவி வுழூ செய்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, ஏணி வைத்து ஏறி, இளம் இலையாகப் பறித்து மேசையில் தட்டில் வைத்தேன். அன்றைக்குத்தான் மகள் நுஹாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அமளி. உன் மதினி றலியாதான் இலையைப் பையில் போட்டுக் கொடுத்தாள். நேற்று கஜலட்சுமி முடிவோடு வந்தாள். தாள் முழுக்க ஏணிப்படி மாதிரிக் கோடுகள். "அங்கிள், பாத்த எல்லா எடத்துலயும் ரெண்டும் ஒன்னுதாங்க. ஒரே தாய்க்கொடியில வெட்டி நட்டதாதான் இருக்கணும்" என்றாள். நான் கதிரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் தம்பி.

ஆகவே விஞ்ஞானம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாப்பா நம் இருவருக்கும் ஒன்றையே தந்திருக்கிறார். நீ சொன்னதை நான் மன்னித்தேன். அடுத்த மாதம் நுஹாவின் நிக்காஹ். சாட்சிக் கையெழுத்து சாச்சா நீதான் போட வேண்டும், இல்லாவிட்டால் கல்யாண உடுப்பை உடுக்கவே மாட்டேன் என்கிறாள். சொன்னால் செய்கிறவள்.

ஜஹானாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். உங்கள் வீட்டில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

உன் நானா,
முஹைதீன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் றலியாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "மேசையில வச்ச எலய மாப்பிள்ளட வாப்பா வெத்தில எண்டு நெனச்சி பாக்கு வச்சி சப்பிட்டார். நல்ல காரம் எண்டும் சொன்னார். நீங்க ஏசுவீங்க எண்டு நான் வேலி ஓட்டையால போய் ஜஹானாட கொடியில பறிச்சிக் குடுத்தேன்" என்கிறாள். அதாவது உன் கொடியும் உன் கொடியும் ஒன்று என்று நிரூபணமாகியிருக்கிறது. கஜலட்சுமிக்கு உண்மையைச் சொன்னேன். மறுபடி வந்து என் கொடியில் அவளே பறிப்பாளாம். முடிவு வருவதற்குள் நிக்காஹ் முடிந்துவிடும். தம்பி, நீ அந்த முடிவுக்கு முன்னால் வந்துவிடு. வேலி ஓட்டையை நான் அடைக்கவில்லை.